ஆம்பளையக் கூப்பிடு

எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக்காரர் இருக்காரா?"

கேட்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். பதில் சொல்கிறவள் பெரும்பாலும் இடுப்பில் குழந்தையோடு நிற்கிற பெண். "வேலைக்குப் போயிருக்காரு நர்சம்மா. இன்னா விசயம், எங்கிட்ட சொல்லுங்க" என்பாள்.

"உங்கிட்ட சொல்லிச் சொல்லித்தான் எங்க வாயெல்லாம் தேஞ்சு போச்சு. ஆம்பளையக் கூப்பிடு. இல்லன்னா எத்தினி மணிக்கு வந்தா ஆளு கெடைப்பாருன்னு சொல்லு, அப்ப வரேன்."

சொன்னபடி வருவார். அந்த ஆள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்துவார். தோளில் மாட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்காருவார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து நின்றால், "நீ போம்மா, உனக்கு இங்க வேலையில்ல" என்பார்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலைக்கு இப்பால் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். இப்போது மாவட்டத்தின் வேறு மூலையில் வேலை பார்க்கிறார். எல்லோருக்கும் நர்சம்மா, சின்னப் பெண்களுக்கு யக்கா. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் எதையும் எழுதி வைக்கிற ஆள், அவர் எதையும் சத்தமாகச் சொல்கிற ஆள். அதனாலோ என்னவோ ஒத்துப்போனது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போடும்போது குழந்தையை அப்பாதான் மடியில் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். அரசாங்கத்தில் அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. ஆண் வராத குழந்தைக்கு ஊசி போடாமல் திருப்பி அனுப்பியதும் இல்லை. ஆனால் அந்தத் தாய் அடுத்த மாதம் வரைக்கும் மறக்காத அளவுக்குப் பேசி அனுப்புவார். துபாயில் வேலை பார்க்கும் பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது மனைவியோடு வந்தார். மாமியார் வீடு எங்கள் பக்கம். குழந்தையைக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"நீங்க போடுங்க நர்சம்மா, நான் வெளியில நிக்கிறேன். எனக்கு ஊசின்னா ஆவாது."

"ஊசி உங்களுக்கில்ல. குந்துங்க."

குந்தினார். குழந்தை ஒரு முறை வீறிட்டு அடங்கிவிட்டது. அவர் அடங்கவில்லை. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவி முக்காட்டுக்குள் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் அவர் துபாயிலிருந்து வீடியோவில் வந்துவிடுவார். செல்போனைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வது என் வேலையாயிற்று.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாததும் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆண் நெளிவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே அனுப்பப்பட்ட பெண் கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். பேசப்படுவது அவளுடைய உடம்பைப் பற்றி. அது எனக்கு உறுத்தும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"அவளையும் உக்கார வெச்சுப் பேசினா இன்னா?"

டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சார், இன்னிக்கு எல்லாமே பொம்பள பேர்ல வருது. கர்ப்பமானா காசு அவ கணக்குல. மாசா மாசம் உரிமைத்தொகை அவ கணக்குல. டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு இல்ல. நல்லது. நான் வேணாம்னு சொல்லல. எங்கம்மா பஸ்ஸு காசு இல்லாம தாய் வூட்டு சாவுக்கே போவாத பொம்பள. ஆனா அவ பேர்ல வந்ததும் அந்தாளு கையக் கழுவிட்டான். புள்ளைக்கு ஊசியா, அவ. எடை போடணுமா, அவ. ரத்தம் எடுக்கணுமா, அவ. கூலி வேலைய விட்டுட்டு இங்க வந்து அரை நாளு நிக்கிறதும் அவ. கடைசியில குடும்பக் கட்டுப்பாடுன்னு கத்தி வெக்கிறதும் அவளுக்கே. எங்க ரெஜிஸ்டர எடுத்துப் பாருங்க, ஒரு ஊருல ஆம்பளைங்களே இல்லாத மாதிரி இருக்கும்."

"ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்கே. பணம்கூட பொம்பளைய விட ஜாஸ்தி தர்றாங்க."

"இருக்கு. அத வாங்கிக்கன்னு அவன் கண்ணப் பாத்துச் சொல்றது யாரு? எல்லாத்தையும் அவகிட்ட சொல்லி, அவ அவன்கிட்ட சொல்லி, அவன் மொறைச்சு, அவ வந்து 'நானே பண்ணிக்கிறேன்கா'ம்பா. நடுவுல அவ இருக்கிற வரைக்கும் அவன் வர மாட்டான் சார். நான் அவள நடுவுலேர்ந்து எடுத்துட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். உறுத்தல் மட்டும் போகவில்லை.

எங்கள் பகுதி மணல் பூமி. கடற்கரை ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பு. மரம் வெட்டி லாரியில் ஏற்றுகிற ஆண்கள் இருபது முப்பது பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். அவர் அங்கேயே போய்விடுவார். ஒரு முறை மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தூரத்தில் ஸ்கூட்டரைக் கண்டதுமே ஒருவன் கத்தினான்:

"மச்சான், லுங்கிய இறுக்கிக் கட்டு. கத்திரிக்கோலு வருது!"

சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார். பிறகு வெட்டிப் போட்ட மரத்தின் மேல் உட்கார்ந்து, ஆண்களுக்கான கருத்தடை அறுவையில் என்ன செய்வார்கள், எங்கே செய்வார்கள், எவ்வளவு சின்னத் துளை என்று விரல் நுனியைக் காட்டி விளக்கினார். எனக்குத்தான் முகம் சுட்டது. ஒரு நடுவயதுக்காரர் வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி நர்சம்மா. ஒங்க வூட்டுக்காரரு பண்ணிக்கிட்டாரா?"

அவர் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். நான் நிமிர்ந்தேன். கேள்வி கேட்டவர் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தார்.

"இல்ல" என்றார் அவர். "நான்தான் பண்ணிக்கிட்டேன். அப்ப அவரக் கேக்கணும்னு எனக்குத் தோணல. கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாரா, மாட்டேன்னு சொல்லியிருப்பாரா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதான் ஊர் ஆம்பளைய எல்லாம் கேட்டுட்டுத் திரியறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கடலூரில் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போகும் நாட்களில் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலிறங்கும்போதே நர்சம்மாவின் முகம் இறுகிவிடும் என்று அவரோடு போகும் சக செவிலியர் சொல்வார். மற்ற ஊர்களில் பெண்களுக்குச் செய்யும் அறுவை மாதந்தோறும் நடந்துகொண்டிருந்தது. இவர் கணக்கில் எப்போதும் குறைச்சல். "ஊசி போட வந்தியாம்மா, புரட்சி பண்ண வந்தியா?" என்று எல்லோர் முன்னாலும் ஒரு அதிகாரி கேட்டாராம். வந்து என்னிடம் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு ஆம்பள, சார். ஒருத்தன் பண்ணிக்கிட்டு மறுபடியும் சவுக்கு தூக்கிட்டான்னா போதும், மிச்சப் பேரு தானா வருவானுங்க" என்றார்.

அந்த ஒருவன் கிடைத்தான். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்: ஏழுமலை. அவன் மனைவி சுமதி.

சுமதியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போன பெண். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி, தினமும் மாத்திரை. மருந்து வாங்கும் சன்னலுக்கு வருவதற்குள் வேப்பமரத்தடியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தின்போது பிழைத்ததே பெரிது. சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒரு பிள்ளை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காப்பர்-டி வைத்ததில் ரத்தப்போக்கு நிற்காமல் எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் கொடுத்து அறுவை செய்யவும் அவள் இதயம் தாங்காது.

"சார், இதுக்கு மேல ஒரு ஆம்பளைக்கு இன்னா காரணம் வேணும்?" என்றார் நர்சம்மா.

இரண்டு மாதம் ஏழுமலையைத் துரத்தினார். சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் இதய மருத்துவரின் அறைக்குள் அவனை மட்டும் உட்கார வைத்தார். சுமதி வெளியே பெஞ்சில். திரும்பி வந்த அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. அவன் தாய் சுகாதார நிலைய வாசலுக்கே வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஏம்மா நர்சு, எம் புள்ளைய மாட்டக் காயடிக்கிற மாதிரி காயடிக்கப் பாக்குறியா? ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. வம்சத்துக்கு நீ வருவியா?"

"வம்சம் அப்புறம். உங்க மருமவ செத்துட்டா அந்த ரெண்டையும் யாரு பாப்பாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

பொங்கல் கழிந்து கடலூரில் நடந்த முகாமில் ஏழுமலை அறுவை செய்துகொண்டான். மதியத்துக்குள் நடந்து வெளியே வந்தான். அன்று மாலை நர்சம்மா எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார். என் மேசையில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, முகாமில் அவனை நிறுத்திச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது. உடனே பலன் கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வந்து பரிசோதனை செய்து, விந்தணுக்கள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். பாக்கெட்டுகளையும் அவன் கையிலேயே கொடுத்தாராம்.

"சுமதிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லல. அவரு உடம்பு, அவரு பாத்துக்கட்டும். இதுக்கும் அவதான் காவலு இருக்கணுமா?"

ஒரு வாரத்தில் ஏழுமலை தோளில் சவுக்குக் கழியோடு லாரியில் ஏறியதை ஊரே பார்த்தது. பார்க்காதவர்களிடம் நர்சம்மா சொன்னார். "போங்க, போய்ப் பாருங்க. ஏழுமல தூக்குறானா இல்லியா? நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க." தோப்பில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பேருந்து நிறுத்தத்தில் சொன்னார். இரண்டு பேர் அடுத்த முகாமுக்கு வருவதாகப் பெயர் கொடுத்தார்கள்.

பங்குனியில் ஒரு காலை, சன்னலருகே சுமதி நின்றாள். மாத்திரைச் சீட்டை நீட்டிவிட்டு, "சார், வாந்திக்கும் எதுனா குடுங்க. காலையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அவளை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். வந்தார். சிறுநீர்ப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு மறையவில்லை.

"மூணு மாசம் ஆவலியே" என்றார், தனக்குள் பேசுவதுபோல.

"இன்னா மூணு மாசம்?" என்றாள் சுமதி.

நர்சம்மா அவளைப் பார்த்தார். அட்டையைக் கீழே வைத்தார். சுமதி என்னைப் பார்த்தாள். ஆணுறை, மூன்று மாதம், பரிசோதனை எல்லாவற்றையும் நான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கே தெரியும் அவரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது" என்றாள். "இப்ப நான் வூட்டுக்குப் போயி இன்னான்னு சொல்லுவேன்?"

சொல்ல அவசியமே இருக்கவில்லை. மாமியாருக்கு வாந்தியின் கணக்குத் தெரியும். மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தோப்பில் ஒருவன், "மச்சான், கத்தி உனக்கு, வாந்தி உம் பொண்டாட்டிக்கா?" என்று கேட்டிருக்கிறான். ஏழுமலை அவனை அடித்துவிட்டு அன்றிலிருந்து வீட்டுக்குப் போகாமல் தோப்புக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான். சுமதியை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லித் தாயிடம் ஆள் விட்டான். குழந்தைகள் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தான். அண்ணன் வீட்டில் என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நர்சம்மாவும் நானும் நிலைய மருத்துவரும் பேசினோம். இரண்டு பக்கமும் நாள் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கர்ப்பம் வளர வளரச் சுமதியின் இதயத்துக்கு ஆபத்து. எவ்வளவு சீக்கிரம் கலைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஏழுமலையின் உடம்பிலோ மிச்சமிருக்கும் அணுக்கள் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். இன்று பரிசோதித்தால் இருக்கலாம். இன்னும் சில வாரம் போனால் ஒன்றுமே இருக்காது. அப்புறம் சுமதி எந்தக் கோயிலில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. சோதிக்காமல் கருவைக் கலைத்தால், தப்பை மறைக்கத்தான் கலைத்தாள் என்பார்கள்.

நர்சம்மா தோப்புக்குப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். நான் அவரை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

"'நீங்கதான ஊரு பூரா தமுக்கு அடிச்சீங்க? இப்ப உங்க மேல தப்பு வராம இருக்கக் கதை கட்டுறீங்க'ங்கிறாரு. டெஸ்ட்டுன்னு வாயத் தொறக்க விட மாட்டேங்குறாரு." ஸ்கூட்டர் சாவியை மேசையில் போட்டார். "சார், நான் சொல்லி நடக்காது. நீங்க ஆம்பள. நீங்க போங்க."

போனேன். ஏழுமலை கோடாரியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த பாக்கெட்ட இன்னா பண்ண?" என்றேன்.

"தோப்புலயே பொதைச்சுட்டேன். வூட்ல வெச்சா எங்கம்மா பாக்கும். புள்ளைங்க எடுத்து பலூன் ஊதும்."

"மூணு மாசம்னு சொன்னாங்க இல்ல?"

தீட்டுவதை நிறுத்தினான். "சொன்னாங்க. வெயிட்டு தூக்காதன்னும்தான் சொன்னாங்க. ஒரே வாரத்துல தூக்குனேன், ஒண்ணும் ஆவல. இவுங்க எதையும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் சொல்லுவாங்க, இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"அப்ப உனக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு அவள அனுப்புற? ஒரு டெஸ்ட்டு. முடிஞ்சுது."

கோடாரியின் விளிம்பைக் கட்டை விரலால் தடவினான். "டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா?"

கோடாரியை மடியில் வைத்துக்கொண்டான்.

"இப்பவாவது அவ தப்பு பண்ணலன்னு பாதி மனசு சொல்லுது சார். இல்லன்னு வந்துட்டா அந்தப் பாதியும் போயிடும். அதுக்கப்புறம் நான் அந்தப் புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

இன்று இல்லை என்று வந்தால்கூட, போன மாதம் இருந்ததா இல்லையா என்று அது சொல்லாது என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் தள்ளினால் அந்தப் பாதி மனதுக்கும் சாட்சி இருக்காது என்று சொன்னபோது நிமிர்ந்தான். கோடாரியை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை சிதம்பரம் போனோம். சுமதியும் நர்சம்மாவும் ஆட்டோவில். ஏழுமலை என் வண்டியில். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்து ஆள் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துக் கழிப்பறைப் பக்கம் கை காட்டினார். ஏழுமலை அந்த டப்பாவை உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டான். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். வாளியோடு வந்த ஒரு பெரியவர், "இன்னா சார், உள்ள யாரு, மந்திரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு காத்திருந்தோம். ஒரே நீளப் பெஞ்சு. இந்த முனையில் ஏழுமலை, அந்த முனையில் சுமதி. நடுவில் நர்சம்மா. அவர் கை சுமதியின் முழங்கால் மேல் இருந்தது. சுமதி அதை எடுத்து விடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

"அவருகிட்ட மட்டும் சொன்னீங்களேக்கா" என்றாள் திடீரென்று, மெதுவாக. "எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டேனா?"

"உம் மேல பாரம் ஏத்தக் கூடாதுன்னுதாம்மா..."

"யார் மேல ஏத்துனீங்க? இப்ப அது யார் மேல இருக்குது?"

நர்சம்மா கையை எடுத்துக்கொண்டார்.

பரிசோதனைக்கூடத்து ஆள் வந்து சீட்டை ஏழுமலையிடம் கொடுத்தார். அவன் அதை என்னிடம் நீட்டினான். படித்தேன். அணுக்கள் இருந்தன. கொஞ்சம்தான், ஆனால் உயிரோடு இருந்தன.

"இருக்குது" என்றேன்.

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாதபடி ஒரு சத்தம் வந்தது. சுமதி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் ஒரு முறை ஏறி இறங்கியது.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஏழுமலை தாய்க்குப் போன் செய்தான். "ம்மா, எம் புள்ளதாம்மா. டெஸ்ட்டுல வந்துருச்சு." மறுமுனையில் அந்த அம்மாள் போட்ட குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "டேய், கத்தியத் தாண்டி வந்துருக்குதுடா! சாமி குடுத்தது. ஆம்பளப் புள்ளதான் அது. கலைக்க வுடாத. கூட்டிட்டு வந்துரு."

அவன் எழுந்து வந்தான். முகமே வேறாக இருந்தது. "நர்சம்மா, பெரிய டாக்டரா வெச்சுப் பாத்தா பெத்துக்க முடியாதா? எவ்ளோ செலவானாலும் நான் பாத்துக்கறேன். ரெண்டு மட்டம் பொழைச்சவதான?"

நர்சம்மா பழக்கப்படியே அவன் பக்கம் திரும்பினார். "ஏழுமல, இப்படிக் குந்துங்க. நான் சொல்றதப் பொறுமையாக் கேளுங்க. அன்னிக்கு டாக்டர் உங்ககிட்ட இன்னா சொன்னாரு..."

"யக்கா."

சுமதி எழுந்து நின்றிருந்தாள்.

"அவருகிட்ட இன்னா பேச்சு? எங்கிட்ட பேசுங்க. இதுக்கு யாரு கையெழுத்துப் போடணும்?"

நர்சம்மா ஒரு கணம் அவளையே பார்த்தார். "உன் கையெழுத்து போதும் சுமதி. சட்டம் அதான். வேற யாரும் போட வேணாம்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

சுமதி தலையை ஆட்டிக்கொண்டாள். ஏழுமலை ஏதோ சொல்ல வந்தான். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

"நான் தப்பு பண்ணலன்னு உனக்குச் சீட்டு வேணும்னு இருந்துச்சு. வந்துருச்சு. எனக்கு எந்தச் சீட்டும் வேணாம். ரெண்டு புள்ளைங்க இருக்குது, அதுங்களுக்கு நான் வேணும்."

சுமதி பிழைத்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றே சேர்த்துக்கொண்டார்கள், கருவைக் கலைத்து, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்த இரண்டு பேரும் வரவில்லை. நர்சம்மா அதற்கப்புறமும் ஆண்களைத் தேடித் தோப்புக்குப் போனார். போகும்போது அவர்கள் மனைவிகளையும் கூட்டிப்போக முயன்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஊர் மாறிப் போகும்வரை அவரைப் பற்றிய பேச்சும் ஓயவில்லை.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது சிதம்பரத்து ஆஸ்பத்திரியின் அந்தத் தாழ்வாரம்தான். மகப்பேறு மருத்துவரின் அறை அதன் கடைசியில் இருந்தது. சுமதி நடக்கத் தொடங்கியதும் ஏழுமலை பின்னாலேயே போனான்.

"நீ இங்கயே குந்து" என்றாள்.

அவன் நின்றுவிட்டான். நர்சம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக அவள் பக்கத்தில் போனார். கையைப் பிடிக்க நீட்டினார்.

"நீங்களும்தான்கா."

பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நர்சம்மாவின் கால் ஒரு எட்டு முன்னால் போய்த் திரும்பி வந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். சுமதி மூச்சு நிதானத்துக்கு வரும்வரை இருந்துவிட்டு, மறுபடி நடந்து, கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.